மீதி மூன்று பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 1-ஆம் தேதி உங்கள் பத்திரிகையில் வந்த மே தினக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சிகாகோ தொழிலாளர்களைப் பற்றி அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் அப்போதைய குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கியவர்களைப் பற்றி 'எட்டுத் தலைவர்களும் தூக்கிலிடப்பட்டனர்' என்று ஒரு வரி வருகிறது. அது தவறு. 1887 நவம்பர் 11-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டவர்கள் ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் என்ற நான்கு பேர். லிங் என்ற இளைஞர் அதற்கு முந்தின நாளே சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப், நீபே என்ற மீதி மூன்று பேர் 1893-ல் உயிரோடு வெளியே வந்தார்கள்.

எண்ணிக்கையில் ஒரு பிழை, இதற்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து மே தினக் கூட்டங்களிலும் வருஷா வருஷம் எட்டுப் பேர் என்றே பேசுகிறார்கள். எட்டுப் பேரையும் தூக்கில் போட்டுவிட்டால் அந்த மூன்று பேரை வெளியே கொண்டுவந்த மனிதரும் கதையில் இல்லாமல் போய்விடுகிறார். அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். வக்கீலாக இருந்து, நீதிபதியாகி, பிறகு இலினாய்ஸ் மாநிலத்தின் கவர்னர் ஆனவர். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் முக்கூடலில் பிறந்தவள். அம்மா பீடி சுற்றினார். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் முப்பது வருஷம் ஜாப் டைப்பிங் செய்தேன். வக்காலத்து, ஜாமீன் மனு, அஃபிடவிட், ஜீவனாம்ச மனு என்று என் கையில் போகாத காகிதம் இல்லை. ஆல்ட்கெல்ட் பெயரை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தட்டச்சு செய்யும்போது தெரிந்துகொண்டேன். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என் அண்ணன் கதையைச் சொல்ல வேண்டும்.

1984-ல் எங்கள் ஊரில் பீடிக் கூலி தொடர்பாக ஒரு தகராறு. அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். சுற்றி வைத்திருந்த பீடியைக் கணக்குக் கொடுக்க அண்ணன்தான் கடைக்குப் போனார். அவருக்கு 22 வயது. கடை வாசலில் கூட்டம். கழிவு என்று நிறையப் பீடியைத் தள்ளிவிட்டார்கள் என்று பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்தது. எங்கிருந்தோ கல் வந்து விழுந்தது. ஒரு காவலருக்கு மண்டை உடைந்தது. கல்லை எறிந்தது யார் என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் 11 பேர் மேல் வழக்கு வந்தது. அதில் அண்ணன் ஏழாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவது ஆள். கூட்டத்தில் நின்றவர் எல்லோருக்கும் ஒரே நோக்கம் என்று சொன்ன, இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு எங்கள் வீட்டில் அம்மாவுக்குக்கூட மனப்பாடம். "நூத்தி நாப்பத்தொம்பது போட்டிருக்காவ" என்றுதான் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்வார்.

வழக்கு ஐந்து வருஷம் நடந்தது. வாய்தா, வாய்தா என்று பஸ்ஸுக்கும் டீக்குமே அம்மாவின் கூலி போனது. எங்கள் வக்கீல் ஐயா ஃபீஸ் வாங்கவில்லை. அவர் தொழிற்சங்க வழக்குகள் பார்ப்பவர். இன்று அவர் இல்லை. 1989-ல் விடுதலை ஆயிற்று. தீர்ப்பு நகலில் கடைசி வரி, 'சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து' என்று இருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா, "சந்தேகம்னு ஜட்ஜே எழுதியிருக்காருல்லா" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. அடுத்த ஆடிக்குள் அண்ணன் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்.

விடுதலையும் ஆனார், சந்தேகமும் போகவில்லை. இது என் மனசில் முள்ளாக இருந்தது.

1993 ஜூன் மாதம். வக்கீல் ஐயா ஒரு கட்டு ஜெராக்ஸ் காகிதத்தோடு கடைக்கு வந்தார். எல்லாம் இங்கிலீஷ். "ஏம்மா, நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அடி. நாலு காப்பி வேணும். முக்கூடல்ல பீடிக்காரப் பொம்பளைங்க கூட்டத்துல வாசிக்கணும். இந்த உத்தரவு வந்து இந்த மாசத்தோட நூறு வருஷம் ஆகுது" என்றார். மூன்று சாயங்காலம் அடித்தோம். கார்பன் வைத்து நாலு பிரதி. அது 1893 ஜூன் 26 அன்று ஆல்ட்கெல்ட் எழுதி வெளியிட்ட மன்னிப்பு ஆணை. சின்னப் புத்தகமாகவே அச்சாகி வந்தது. தலைப்பே 'காரணங்கள்' என்றுதான் தொடங்குகிறது.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1886 மே 1-ஆம் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்குகிறது. 3-ஆம் தேதி மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் சாகிறார்கள். அதைக் கண்டித்து 4-ஆம் தேதி ராத்திரி ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். சிகாகோ மேயர் கார்ட்டர் ஹாரிசன் தாமே வந்து நின்று கேட்டார். அமைதியாகத்தான் நடக்கிறது, போலீஸை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை வருகிற மாதிரி இருந்ததால் கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது. மேயர் போன பிறகு பான்ஃபீல்ட் என்ற அதிகாரி போலீஸ் படையை அணிவகுத்துக் கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு வந்தார். யாரோ வெடிகுண்டு வீசினார்கள். போலீஸும் சுட்டது. ஏழு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். தொழிலாளர்களும் செத்தார்கள். குண்டு வீசியது யார் என்று இன்று வரை நிரூபணம் ஆகவில்லை.

எட்டுப் பேர் மேல் வழக்கு. ஏழு பேருக்குத் தூக்கு, நீபேக்கு 15 வருஷம். ஃபீல்டன், ஷ்வாப் இருவருக்கும் அப்போதைய கவர்னர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். நீபே குண்டு வெடித்த இடத்திலேயே இல்லை. அவர் சிறையில் இருக்கும்போது மனைவி இறந்துபோனார். இந்தப் பக்கத்தை அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. வக்கீல் ஐயாவும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உங்க அண்ணன் ஞாபகம் வருதா? எனக்கும்தான்" என்றார்.

ஆறேழு வருஷம் ஆனதும் சிகாகோவில் பெரிய மனிதர்களே மனசு மாறியிருந்தார்கள். பட்ட தண்டனை போதும், இரக்கம் காட்டி விட்டுவிடலாம் என்று வியாபாரிகளும் பேங்க்காரர்களும்கூட மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே 'இவர்கள் திருந்திவிட்டார்கள், கருணை காட்டுகிறேன்' என்று ஆல்ட்கெல்ட் நாலு வரி எழுதியிருந்தால் யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி எழுதவில்லை. விசாரணை ஒழுங்காக நடந்து இவர்கள் குற்றவாளிகள் என்று நிரூபணம் ஆகியிருந்தால் நான் தலையிடவே கூடாது. ஒழுங்காக நடந்ததா என்பதுதான் கேள்வி என்று ஆரம்பித்து, பழைய கோர்ட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்கார வைக்கும் பொதுமக்களான ஜூரர்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கவில்லை. தனியாக நியமித்த ஒரு அமீனா தன் விருப்பத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தார். இவர்களைத் தூக்கில் போட்டே தீருவேன் என்று அந்த ஆள் வெளியில் பேசியதற்கு வாக்குமூலம் இருந்தது. எனக்கு இவர்கள்மேல் ஏற்கெனவே வெறுப்புதான் என்று ஒத்துக்கொண்டவர்களையும் நீதிபதி கேரி தகுதியானவர் என்றார். செத்துப்போன போலீஸ்காரர் ஒருவருக்கு நான் சொந்தக்காரன் என்று சொன்னவரைக்கூட நீக்க மறுத்தார். குண்டு எறிந்தவர் யார் என்றே தெரியாதபோது, இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவர் எறிந்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? நீபே மேல் வழக்கு நடத்தவே ஆதாரம் இல்லை. ஆணை முழுக்க இப்படியே போகிறது. நீதிபதியின் பெயரைச் சொல்லியே, பாரபட்சமாக நடந்தார் என்கிறது. அந்த இடத்தில் கடுமை கொஞ்சம் கூடிப்போச்சு என்று வக்கீல் ஐயா நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பேர் செத்த பிறகு இதைவிட மெதுவாக எப்படி எழுதுவது?

எனக்கு அந்த ஆணை பெரிதாகப் பட்டதற்குக் காரணம் இதுதான். சந்தேகத்தின் பலன் என்று அவர் கொடுக்கவில்லை. ஏன் விடுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதி, அவர்கள் பெயரில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்துக் கொடுத்தார்.

இதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். கிளாரன்ஸ் டாரோ என்ற இளம் வக்கீல், ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரை நெருக்கினார். அப்படி ஒரு முடிவுக்கு வந்தேனென்றால் அன்றையிலிருந்து அரசியலில் நான் செத்த ஆள் என்றுதான் ஆல்ட்கெல்ட் பதில் சொன்னார். பதவிக்கு வந்து அப்போது ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை.

ஆணைகளை எழுதித் தயார் செய்தவர் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் சர்க்கார் அலுவலகத்தில் இருந்த பிராண்ட் விட்லாக் என்ற இளம் குமாஸ்தா. பின்னாளில் அவர் டொலீடோ நகரத்துக்கு மேயர் ஆனார். ஆனால் எனக்கு அவர் அந்தக் குமாஸ்தாதான். இப்படி ஒரு காகிதம் தன் கையால் போகிறது என்று தெரிந்து எழுதியிருப்பார் அல்லவா? கையெழுத்தான காகிதங்களை ஜோலியட் சிறைக்குக் கொண்டுபோனவர் டிரேயர் என்ற பேங்க்காரர். அந்த எட்டுப் பேர்மேல் குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியில் இருந்தவரே அவர்தான். பிறகு மனசு உறுத்தி, இவர்களை விடச் சொல்லி அலைந்தார். காகிதத்தைக் கையில் வாங்கியதும் பேச முடியாமல் அழுதுவிட்டார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாளே பத்திரிகைகள் பாய்ந்தன. அராஜகவாதி என்றார்கள். இவர் உடம்பில் அமெரிக்க ரத்தம் ஒரு சொட்டு இல்லை என்று எழுதினார்கள். அவர் ஜெர்மனியில் 1847-ல் பிறந்தவர் என்பது உண்மை. கைக்குழந்தையாகப் பெற்றோர் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ஓஹையோவில் விவசாயக் குடும்பம். பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிற அப்பா. 16 வயதில் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, வர்ஜீனியாவில் காய்ச்சல் பிடித்துத் திரும்பியவர் இந்த ஆள். அந்தக் காய்ச்சல் கடைசி வரை விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. இவருக்கா அமெரிக்க ரத்தம் இல்லை?

போருக்கு அப்புறம் கால்நடையாகவே மேற்கே கிளம்பினார். ரயில் பாதையில் கூலிவேலை, பண்ணை வேலை, வாத்தியார் வேலை, ராத்திரியில் சட்டப் புத்தகம். 1871-ல் மிசௌரியில் வக்கீல். 1875-ல் சிகாகோ. நிலம் வாங்கி விற்றதில் நல்ல பணம் சேர்ந்தது. 16 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். 1884-ல், சிறைக்கூடம் ஏழையைத்தான் பிடிக்கிறது, பிடித்தவனைத் திருத்துவதும் இல்லை என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓஹையோவில் ஒரு சின்ன ஊரில் அதைப் படித்துவிட்டுத்தான் டாரோ சிகாகோவுக்கு வந்து அவரைத் தேடிப் போனார். அப்புறம் ஐந்து வருஷம் நீதிபதி. 1892 தேர்தலில் ஜெயித்தார். வெளிநாட்டில் பிறந்து இலினாய்ஸுக்குக் கவர்னரானவர்களில் முதல் ஆள்.

பீடிக்காரர்களின் பிள்ளையாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 1893-ல் அவர் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தார். 14 வயதுக்குள் பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, குடியிருக்கிற அறைக்குள்ளேயே கூலிக்குத் துணி தைக்க வைப்பதற்குக் கட்டுப்பாடு. அதைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, ராத்திரி லைட்டைப் போட்டுக்கொண்டு ஆயிரம் பீடி முடிக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, வீட்டுக்குள் நடக்கும் வேலையையும் சர்க்கார் எட்டிப் பார்த்தது என்பது லேசான விஷயம் இல்லை. நம் பீடித் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் 1966-ல்தான் வந்தது. இலினாய்ஸில் பெண்களுக்கான அந்த எட்டு மணி நேரத்தை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. வக்கீல் ஐயா முக்கூடலில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அங்கயுமா?" என்று கேட்டார்.

1894 புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தில் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் சிகாகோவுக்குப் படை அனுப்பியபோதும் ஆல்ட்கெல்ட் சும்மா இருக்கவில்லை. ஜனாதிபதி தம் கட்சிக்காரர்தான். ஆனாலும், நான் கேட்காமல் என் மாநிலத்துக்குள் ஏன் படை என்று தந்தி அடித்தார். 1896 தேர்தலில் தோற்றார். பதவி விட்டுப் போகிற கவர்னர் விடைபெற்று ஒரு பேச்சுப் பேசுவது அங்கே வழக்கம். அதைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. கட்டடம் கையை விட்டுப் போனது. ஒரு காலத்தில் தன்னைத் தேடி வந்த டாரோவின் ஆபீஸிலேயே சேர்ந்து மறுபடியும் வக்கீல் தொழில் பார்த்தார். 1902 மார்ச் 11 அன்று, எந்த ஜோலியட் சிறையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்களோ அதே ஜோலியட் ஊரில், தென்னாப்பிரிக்காவின் போயர் மக்களுக்காக மேடையில் பேசி முடித்ததும் சரிந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 54. சிகாகோ நூலகத்தில் வைத்திருந்த உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அமெரிக்காக்காரர் கதை நமக்கு எதற்கு என்று உங்கள் வாசகர்கள் யாராவது கேட்டால், நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். ஒட்டப்பிடாரம் வக்கீல் வ.உ.சி.யும் மில் தொழிலாளிக்காகப் பேசித்தான் மாட்டினார். தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரியில். கூலி கூடியது, வார விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். 13-ல் திருநெல்வேலி பற்றி எரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே நாற்பது வருஷத் தண்டனை விதித்தார். அப்பீலில் குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தவருக்கு வக்கீல் தொழில் செய்ய வேண்டிய சன்னது இல்லை. பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் வ.உ.சி. தண்டனை கொடுத்த பின்ஹேயை நாம் எல்லோரும் அறிவோம். சன்னதைத் திருப்பிக் கொடுத்த வாலஸை வ.உ.சி. தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆல்ட்கெல்டை நாம் அந்த அளவுக்காவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே ஐயா, இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, எண்ணிக்கைக்குத் திருத்தம் போடுங்கள். நான்கு பேர் தூக்கில், ஒருவர் சிறையில், மூன்று பேர் விடுதலை. அடுத்த மே தினத்தில் அந்த மூன்று பெயரும் ஆல்ட்கெல்ட் பெயரும் வரட்டும். மற்றது, கோர்ட் செய்தி பற்றியது. 1984-ல் ஒரு பத்திரிகையில் அண்ணன் கைதானது பெயரோடு வந்தது. 1989-ல் விடுதலையானது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கைதானவர் பெயரைப் போட்டால், விடுதலையாகும்போது அதையும் போடுங்கள். சாட்சி என்ன சொன்னார், நீதிபதி ஏன் விட்டார் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். 'சந்தேகத்தின் பலன்' என்று மட்டும் போட்டு நிறுத்தினால் ஊர் அந்த முதல் வார்த்தையைத்தான் படிக்கும்.

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டார். உங்கள் கட்டுரையை முதலில் படித்ததும் அவர்தான். "நீபேயையும் தூக்குல போட்டுட்டாவளே" என்று பேப்பரை என்னிடம் நீட்டினார். அந்த மூன்று சாயங்காலத் தட்டச்சில் ஒரு கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்கலாம். கட்டுரை எழுதியவருக்கு வேண்டுமானால் உங்கள் திருநெல்வேலி நிருபரை அனுப்புங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். அசலைத் தர முடியாது. அதை அண்ணன் தன் தீர்ப்பு நகலோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அண்ணனுக்காக, அச்சில் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
பாளையங்கோட்டை.